பெல்ட்டும் வாக்குச்சீட்டும்

ராணுவத்திலிருந்து ஊர் திரும்பி ஊருக்கு உழைத்தவர் என்றதும் முதலில் சொல்லப்படும் பெயர் அண்ணா ஹசாரே. 1965 போரில் ராணுவ லாரி ஓட்டியவர். 1975இல் மகாராஷ்டிரத்தின் ராலேகண் சித்திக்குத் திரும்பினார். மழைநீரைத் தேக்கி, திறந்தவெளி மேய்ச்சலையும் மரம் வெட்டுவதையும் நிறுத்தி, வறண்ட கிராமத்தின் கிணறுகளில் நீர் ஊறச் செய்தார்கள். குடம் சுமந்து நடக்கும் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிது என்பதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் அதே ஊரில் குடித்தவர்களைக் கம்பத்தில் கட்டி, ராணுவ பெல்ட்டால் அடித்தார்கள். நோயுற்ற பிள்ளைக்குத் தாய் கசப்பு மருந்து கொடுப்பதில்லையா என்று ஹசாரே அதை நியாயப்படுத்தினார். என்னை உறுத்துவது இந்த உவமைதான். பெல்ட் பிடித்தவரே தாயாகிவிட்டால், குடிப்பவரின் மனைவிக்கு அங்கே என்ன இடம்? அவளுக்காக என்று சொல்லி நடக்கும் தண்டனையை அவள் வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவே. அடித்தால்தான் திருந்துவார்கள் என்று ஊர்நடுவே கற்ற ஆண், வீட்டுக்குள் அதை யாரிடம் காட்டுவான்?

அதே மகாராஷ்டிரத்தில் இன்னொரு வழியும் உண்டு. ஊர்ப் பெண்கள் வாக்களித்து மதுக்கடையை மூடலாம். வாக்குச்சீட்டில் நிற்கும் பாட்டில் ஒன்று, படுத்த பாட்டில் ஒன்று. பாதிக்கு மேற்பட்ட பெண்கள் படுத்த பாட்டிலைத் தேர்ந்தால் கடை மூடப்படும். யார் முதுகும் கிழிவதில்லை, முடிவு பெண்களுடையது.

முன்னாள் வீரரின் ஊர்ச்சேவையை அளக்க எனக்கு ஒரு கேள்வி போதும்: அவர் வந்தபின் அந்த ஊர்ப் பெண்கள் முடிவெடுத்தார்களா, கீழ்ப்படிந்தார்களா?