வாசல் தேடி வரும் சுகாதாரம்

இலங்கையின் கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு பெண் கருவுற்றால், அந்தச் செய்தி முதலில் அப்பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரின் பதிவேட்டில்தான் ஏறும். ஊருக்கு அவர் ‘மிட்வைஃப் மிஸ்’. சுமார் 3000 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் தொடர்ச்சி இது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அவருக்கு மேலே பொதுச் சுகாதாரத் தாதியச் சகோதரி இருக்கிறார். எந்தக் கிராமத்தில் பிள்ளைகளின் நிறை ஏறவில்லை, எந்தத் தாய் கிளினிக்கைத் தவறவிட்டார் என்பதைப் பதிவேடுகளே அவருக்குச் சொல்லிவிடும். தாய்மார் ஆதரவுக் குழு கூடுவதும், திரிபோஷச் சத்துமா யாருக்குப் போகவேண்டும் என்பதும் அங்கிருந்தே முடிவாகின்றன. வேலைத்திட்டம் வீட்டுப்படியில் உருவாகிறது என்பதே இதன் பெரும் பலம்.

தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியரின் துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5000 பேருக்கு ஒன்று. திட்டங்கள் பெரும்பாலும் சென்னையில் வகுக்கப்பட்டு, பணத்தோடும் கணினிப் பதிவோடும் கீழே இறங்குகின்றன. கர்ப்பிணிகளுக்கான முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவி 18,000 ரூபாய். ஆனாலும் தாய்சேய் நலத்தில் இலங்கை முறையே தாய்க்கு நெருக்கமானது என்பேன்.

நாற்பது தாண்டிய ஆண்களிடம் வந்தால் கதை மாறுகிறது. 2021 ஆகஸ்ட் 5இல் தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்த்து, மாத்திரையைக் கையில் தருகிறார்கள். 2024இல் தொழிலாளரை வேலைத்தலத்திலேயே பரிசோதிக்கவும் ஏற்பாடாயிற்று. இலங்கையிலோ இதே பரிசோதனைகளுக்கு 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் உண்டு. நாம்தான் தேடிப் போகவேண்டும். போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மூதூரை அடுத்த கொட்டியாரக் குடாவில் இரவெல்லாம் வலை போட்டவர், காலை கிளினிக் நேரத்தில் மீனை விற்றுக்கொண்டிருப்பார், இல்லையேல் உறங்குவார். அவருடைய மனைவியின் இரத்த அழுத்தம் கர்ப்ப காலத்தில் மாதந்தோறும் எழுதப்பட்டது. அவருடையது ஒருமுறைகூட எழுதப்பட்டிராது. பாரிசவாதம் வந்து விழுந்த பிறகுதான் வைத்தியசாலை அவரை அறிகிறது. இது எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த ஆண்களுக்காக மிட்வைஃப் தலையில் இன்னொரு சுமை ஏற்றுவது நியாயமில்லை. அவர் கையில் ஏற்கெனவே பதிவேடுகள் நிறைய. ஆனால் எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். அந்த அறிவைக் கொண்டு, தாதியச் சகோதரியின் மேற்பார்வையில், கிருஷ்ணகிரியில் செய்ததுபோல் உள்ளூர்ப் பெண்களை இந்தப் பரிசோதனைக்குப் பயிற்றலாம். முதல் பரிசோதனையைப் படகு கரையேறும் துறையிலேயே, மீன் விற்று முடியும் நேரம் பார்த்து வைக்கவேண்டும்.