சீரகமும் வெற்றுக் கட்டமும்

நியூயார்க்கின் ஃப்ளஷிங்கில், சியான் நகரத்துச் சாப்பாடு விற்கும் சின்னக் கடை அது. கோபி மஞ்சூரியனைச் சீன உணவென்று நம்பி வளர்ந்தவன் நான். பியாங் பியாங் நூடுல்ஸ் பெல்ட் அகலத்துக்கு வந்தது. மேலே ஆட்டுக்கறி, மிளகாய், சீரகம். முதல் வாயிலேயே, "அட, எங்க ஊர் மாதிரியே இருக்கே" என்றேன். கூட வந்த சியான்காரர் சிரித்தார். "எங்க ஊர் மாதிரிதான் இருக்கு."

சீரகம் பட்டுப்பாதை வழியாக மேற்கிலிருந்து சீனாவுக்கு வந்தது. சியானின் ஹுய் முஸ்லிம்களுக்கு அது சொந்தச் சமையல். என் பாராட்டில் இதில் எதற்குமே இடமில்லை.

'பியாங்' என்ற எழுத்தை எழுத ஐம்பதுக்கும் மேற்பட்ட கோடுகள் வேண்டும். 2020இல் யூனிகோட் 13 வரும்வரை அதற்குக் குறியெண்ணே கிடையாது. எழுத்துருவில் இல்லாத எழுத்து, திரையில் வெற்றுக் கட்டமாகத் தெரியும். எங்கள் தொழிலில் அந்தக் கட்டத்துக்கு 'டோஃபு' என்று பேர்.

'நம்ம ஊர் மாதிரி', 'ஆதென்டிக்', 'வேற லெவல்' எல்லாம் நம் உணவு விமர்சனத்தின் டோஃபுகள். புதிய எழுத்தாளரை 'தமிழின் மார்க்கேஸ்' என்கிறோமே, அதுவும் இதே கட்டம்தான். படித்ததைச் சொல்லாமல், ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்லித் தப்பிக்கிறோம்.

அடுத்த முறை தனியாகப் போனேன். முதலில் கறுப்பு வினிகரின் புளிப்பு. மாவு பல்லுக்கு லேசாக எதிர்த்து நின்றது. சீரகம் கடைசியில்தான் வந்தது. இந்த மூன்று வரிக்கே ஒரு கிண்ணம் காலியாகிவிட்டது.