மூச்சை இழுத்தாலும் மேலே வராது: ரீபிரீதரோடு குளத்தில்

ஸ்கூபா பழகியவர்களுக்கு நுரையீரல்தான் லிஃப்ட். ஆழமாக இழுத்தால் உடல் மெல்ல ஏறும், விட்டால் இறங்கும். ரீபிரீதரை மாட்டியதும் அந்த வசதி போய்விடுகிறது. விட்ட மூச்சு வெளியே போகாமல் தோளில் தொங்கும் கவுன்டர்லங் பைகளுக்குள் போய், அங்கிருந்தே திரும்பி வருகிறது. நெஞ்சு சுருங்கிய அளவுக்குப் பை உப்புவதால் மொத்தக் கனஅளவு மாறுவதில்லை. எவ்வளவு இழுத்தாலும் இருந்த இடத்திலேயே இருப்போம்.

நான் பயன்படுத்தியது இன்ஸ்பிரேஷன் என்ற மாடல். இங்கிலாந்தின் கார்ன்வாலில் தயாராவது, 1997-ல் சந்தைக்கு வந்தது. முதுகில் இரண்டு 3 லிட்டர் சிலிண்டர்கள்: வலப்பக்கம் ஆக்சிஜன், இடப்பக்கம் டைலூயன்ட், அதாவது நம் விஷயத்தில் சாதாரணக் காற்று. நடுவில் கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம். ஆக்சிஜனை அளக்க 3 சென்சார்கள். எல்லாம் நிரப்பினால் சுமார் 30 கிலோ. கோட்டூர்புரத்தில் நண்பரின் அபார்ட்மென்ட் குளத்தில், பயிற்றுநர் கூடவே இருக்க, இறங்கினேன். அவர் முதலில் அடியில் போய் நின்றபோது வாட்ச்மேன் பதறிப்போனார்: "சார், ஒரு குமிழிகூட வரலியே, மூச்சு வுடறாரா?" அந்த அமைதிக்காகத்தான் மீன்களைப் படம் எடுப்பவர்கள் இதைத் தேடிப் போகிறார்கள்.

ஆழம் குறைந்த குளம்தானே என்று நினைக்க வேண்டாம், மிதப்பைக் கட்டுப்படுத்த இதுதான் கடினமான இடம். 20 மீட்டரிலிருந்து 10-க்கு ஏறினால் பையிலுள்ள வாயு ஒன்றரை மடங்காகும். 10-லிருந்து மேற்பரப்புக்கு வந்தால் இரண்டு மடங்கு. இதோடு ஆக்சிஜன் வால்வும் சேர்ந்துகொள்கிறது. கொஞ்சம் ஏறியதும் ஆக்சிஜனின் அழுத்தம் குறைகிறது. உடனே காதருகே 'டிக்' என்று வால்வு திறக்கிறது, பை இன்னும் உப்புகிறது, இன்னும் ஏறுகிறோம். ஆக்சிஜன் அழுத்தத்தை 0.7 பார் என்று செட் செய்து 2 மீட்டரில் நின்றால், சுவாசிக்கும் வாயுவில் 58 சதவீதம் ஆக்சிஜன் இருக்க வேண்டும். அதனால் வால்வு அடிக்கடி பேசும். 'டிக்' கேட்டதும் மூக்கு வழியாக முகமூடியின் ஓரத்தில் கொஞ்சம் வாயுவை விடப் பழக வேண்டும். அதிகம் விட்டால் மூழ்குவோம், டைலூயன்ட் சேர்க்க வேண்டிவரும். பையில் ஒரு முழு மூச்சுக்குத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு, மிதப்பை விங்கிடம், அதாவது முதுகிலுள்ள மிதவைப் பையிடம், ஒப்படைப்பதே நல்ல வழி.

ட்ரிம், அதாவது உடலை நீரில் படுக்கையாக நிறுத்துவது, சீக்கிரம் கைகூடும். பைகள் தோளை மேலே தூக்குவதால் கால் கீழே போனது. இடுப்பு பெல்ட்டிலிருந்த ஈயத்தில் ஒரு பகுதியைக் கருவியின் மேல்முனைக்கு மாற்றியதும் உடல் படுக்கையாக நின்றது. இது அழகுக்காக மட்டுமல்ல. பை நுரையீரலைவிட மேலே இருந்தால் இழுப்பது கடினம், கீழே இருந்தால் விடுவது கடினம்.

தூத்துக்குடியில் முத்துக் குளித்தவர்கள் கல்லோடு இறங்கி, அடியில் கல்லை விட்டுவிட்டு ஏறினார்கள். நடுநீரில் நிற்க அவர்களுக்கு அவசியமில்லை. இந்தக் கருவியின் பயனே அங்கே நிற்பதில்தான் இருக்கிறது. அதோடு, ஆக்சிஜன் குறைந்தால் மூச்சுத் திணறாது, நினைவுதான் தப்பும். கண் எப்போதும் கைக்கருவியின் எண்களில் இருக்க வேண்டும். மிதப்போடு மல்லுக்கட்டுபவரால் அது முடியாது. அதனால், யோசிக்காமல் நிற்க வரும்வரை குளத்தை விட்டுப் போகாதீர்கள். கடலுக்குப் போகும்போது எடையை மறுபடி சரிபாருங்கள்: கருவியோடு 120 கிலோ இருப்பவருக்கு உப்புநீரில் சுமார் 3 கிலோ ஈயம் கூடுதலாக வேண்டும். நீலாங்கரைப் பக்கம் அலை தூக்கிப் போடும் ஆழமற்ற நீரில் முதல் டைவ் வேண்டாம்.

எப்போதாவது புதுச்சேரிக்குப் போய் டைவ் செய்பவருக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். விலை பல லட்சம், சென்சார்கள் சும்மா வைத்திருந்தாலும் காலாவதியாகும். நீருக்கடியில் நீண்டநேரம் ஆய்வோ படப்பிடிப்போ செய்பவர், முறையான பயிற்சி எடுத்துக்கொண்டு, தாராளமாக வாங்கலாம்.