கூரைக் காடியும் எஃப்.சி. பட்டியும்

அரியலூர் வட்டாரத்தில் ஓடும் ஒரு லாரியின் வயதை அறிய கேபின் கூரையின் ஓரத்தைப் பார்த்தால் போதும். கூரைத் தகடும் பக்கத் தகடும் சேருமிடத்தில், கதவுக்கு மேலே, மழைத்தண்ணீரை வடிக்க ஒரு சின்னக் காடி ஓடும். பழைய வண்டிகளில் அந்தக் காடிக்குள் பட்டி, எம்-சீல், தார், சிலிக்கான் என்று ஆண்டுக்கொரு பூச்சு ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருக்கும். ஒவ்வொரு பூச்சும் ஓர் எஃப்.சி.க்கு முன்னால் வைத்தது.

எட்டு ஆண்டு கடந்த வணிக வாகனம் ஆண்டுதோறும் தகுதிச் சான்று (எஃப்.சி.) வாங்க வேண்டும். அதற்காக வண்டி பட்டறைக்குப் போகிறது. டிங்கரிங், பட்டி, பெயின்ட் என்று வேலை நடக்கிறது. காடியில் வெடித்த சீலரும் அந்த வரிசையிலேயே அடைபடுகிறது. வெடிப்பின்மேல் புதிதாக ஒன்றைத் தடவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்துவிட்டால் வேலை முடிந்தது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மட்டும் உள்ள பழக்கம் அல்ல இது. ஆனால் இந்த வட்டாரத்தின் மண்ணும் சுமையும் அதன் பலத்தையும் பலவீனத்தையும் தெளிவாகக் காட்டுகின்றன.

பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். வண்டி நின்றால் வருமானம் நின்றது. கோவிந்தபுரம், ரெட்டிப்பாளையம், தளவாய் சிமெண்ட் ஆலைகளைச் சுற்றி ஓடும் வண்டிக்கு நடைக் கணக்கில்தான் காசு. செட்டிகுளம் பக்கத்திலிருந்து சின்ன வெங்காயமோ மக்காச்சோளமோ ஏற்றும் பழைய டாடா 407-க்கு அறுவடை நாளில் ஓய்வு கிடையாது. தவணை கட்டும் ஓனருக்கு, ஒரே மதியத்தில் முடிகிற, சில நூறு ரூபாய்க்குள் அடங்குகிற வேலை பெரிய உதவி. ஐப்பசி அடைமழையில் டேஷ்போர்டு வயரிங்கில் தண்ணீர் சொட்டும்போது உடனே எதையாவது வைத்து அடைப்பதுதான் அறிவு. அந்த நேரத்தில் முறையான வேலையைப் பற்றிப் பேசுபவர் லாரியில் ஏறி உட்கார்ந்ததில்லை என்றே கொள்ளலாம். வண்டியை உடனே ஓட வைக்கும் நம் டிங்கர்களின் கைத்திறனையும் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வராது.

கோளாறு அடைத்ததில் இல்லை, பழைய வெடிப்பின்மேலேயே அடைத்ததில் இருக்கிறது. ஸ்பாட் வெல்டு அடித்த இரண்டு தகடுகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். சீலர் வெடித்தால் தண்ணீர் அந்த இடைவெளியில் தானாகவே உறிஞ்சப்பட்டு உள்ளே போகும். வெளிப்பக்கம் காய்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். அங்கே பிடிக்கும் துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு தகடுகளை நெம்பிப் பிரிக்கும். மேலே எவ்வளவு நல்ல சீலர் வைத்தாலும் கீழிருந்து துரு தள்ளினால் அது மறுபடி வெடிக்கத்தான் செய்யும். ஈரத்தை உள்ளே வைத்து மூடுவதைவிட மூடாமல் விடுவது மேல் என்றுகூடச் சொல்வேன். திறந்த வெடிப்பு கோடையிலாவது காயும்.

இந்த வட்டாரத்தின் தூசிக்கும் இதில் பங்குண்டு. சுண்ணாம்புத் தூசி தகட்டைத் தின்கிறது என்று ஓட்டுநர்கள் சொல்வதுண்டு. அது முழு உண்மை அல்ல. சுண்ணாம்பும் சிமெண்டும் காரத்தன்மை உள்ளவை, இரும்பை அமிலம்போல அரிப்பவை அல்ல. காடியில் படியும் தூசி பனியும் தூறலும் பட்டு அப்பிக்கொள்கிறது; சிமெண்ட் கலந்திருந்தால் கல்லாகவே இறுகுகிறது. வடிய வழியில்லாமல் காடியில் தண்ணீர் நிற்கிறது. அந்தத் தேக்கம்தான் தகட்டைக் கெடுக்கிறது. ஆகவே மாதம் ஒருமுறை ஒரு மரக்குச்சியால் காடியைச் சுரண்டிக் கழுவிவிடுவது, பட்டறையில் செய்யும் எந்த வேலைக்கும் ஈடான காப்பு. காசு செலவில்லாத இந்த வேலையைத்தான் யாரும் செய்வதில்லை.

வெயிலின் கணக்கும் இருக்கிறது. இரண்டு மீட்டர் நீள இரும்புத் தகடு, விடியற்காலைக் குளிருக்கும் நடுப்பகல் சூட்டுக்கும் இடையே 40 டிகிரி மாறினால் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். குவாரிச் சாலையின் அதிர்வு அதோடு சேர்கிறது. இந்த அசைவுக்கு வளைந்து கொடுப்பதே சீலரின் வேலை. எம்-சீல் குழாய்க்கும் தொட்டிக்கும் நல்ல பொருள். இறுகியபின் வளையாது என்பதால் காடியில் வெடிக்கிறது. பட்டி வளையாததோடு ஈரத்தையும் குடிக்கும். தார் சித்திரை வெயிலில் இளகி வழியும். சாதாரண சிலிக்கான் வளையும்தான். ஆனால் காயும்போது புளித்த வாடையோடு அமிலம் விடும் வகை இரும்பில் துருவைத் தூண்டும், அதன்மேல் பெயின்டும் ஒட்டாது. அந்த இடத்தில் பிறகு வேறு எதையும் ஒட்டவைப்பது பெரும்பாடு. இவற்றில் மிக மோசமானது, காடியைப் பட்டியால் முழுக்க நிரப்பிச் சமப்படுத்துவது. பார்க்க வழவழப்பாக இருக்கும். தண்ணீர் வடிய இடமே இல்லாமல் கதவு வழியே உள்ளே இறங்கும்.

சரியான வேலை மர்மமானதல்ல. பழைய சீலரை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். கம்பி பிரஷ்ஷால் தகடு மின்னும்வரை தேய்க்க வேண்டும். ஓட்டை விழுந்திருந்தால் தகடு வெட்டி வைக்கலாம். ஆனால் கேஸ் வெல்டிங்கின் சூடு நெடுந்தூரம் பரவி, அக்கம்பக்கத்தில் நல்லபடி இருக்கும் சீலரையும் பிரைமரையும் எரித்துவிடும்; மிக் வெல்டிங்கில் சின்னச் சின்னப் புள்ளியாக வைப்பது நல்லது. எட்டாத இடுக்கில் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி, காய்ந்தபின் எபாக்ஸி பிரைமர், அதன்மேல் வண்டிக்கென்று விற்கும் பாலியூரிதேன் சீலன்ட், கடைசியில் பெயின்ட். காடியின் இரு முனைகளும் திறந்தே இருக்க வேண்டும். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து நிறுத்துவது பாதி வேலை.

கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பதும் வேலையில் பாதி. தண்ணீர் புகும் இடம் ஒன்று, சொட்டும் இடம் வேறு. கண்ணாடித் தூண் வழியே இறங்கி மிதியடியை நனைக்கும் தண்ணீருக்கு, கூரையின் பின்மூலை காரணமாக இருக்கலாம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பார்க்க, மற்றவர் கீழிருந்து மேலாக, கொஞ்சம் கொஞ்சமாக ஹோஸ் பிடித்தால் தெரிந்துவிடும். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து ஒன்றும் விளங்காது.

இப்படி முறையாகச் செய்ய இரண்டு மூன்று நாள் ஆகும், செலவும் கூடும். பத்து வருஷம் இன்னும் ஓடப்போகிற வண்டிக்கு இது தகும். அடுத்த ஆண்டு விற்கப்போகிற வண்டிக்கு எந்த ஓனரும் செய்யமாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் செலவைவிடப் பெரிய தடை நாள் பார்ப்பதில் இருக்கிறது. எஃப்.சி. தேதி எப்போது வருகிறதோ அப்போதே காடி வேலையும் நடக்கிறது. அது புரட்டாசியிலோ கார்த்திகையிலோ விழுந்தால், ஈரத் தகட்டின்மேல் அவசர வேலைதான் நடக்கும். சோதனையிலும் ஒளி, பிரேக், புகை பார்க்கிறார்கள். பூச்சுக்குக் கீழே இருக்கும் துரு அங்கே தெரிவதில்லை. அன்றைக்குப் பார்வைக்கு நன்றாக இருந்தால் போதும் என்ற அளவுகோல், தகடுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் கோளாறுக்குப் பொருந்தாது.

மழையில் அவசரமாக அடைப்பதை நான் ஆதரிக்கிறேன், பியூட்டைல் டேப் போலப் பின்னால் உரித்தெடுக்கக்கூடியதை வைத்து அடைத்தால். அதையே நிரந்தர வேலை என்று எண்ணிப் பெயின்ட் அடிப்பதை ஆதரிக்கவில்லை. பழைய வண்டி வைத்திருக்கும் ஓனர்கள் எஃப்.சி. தேதியைப் பார்க்காமல், தகடு உலர்ந்திருக்கும் சித்திரை வைகாசியில், வெயில் ஏறும் முன் காலை வேளையில் அல்லது நிழலில், காடியை ஒருமுறை முழுக்கப் பிரித்துச் செய்துவிடுங்கள்.