திகில் விளையாட்டின் வில்லன்: மாமல்லபுரம் மகிடாசுரன் முதல் பிரமிட் ஹெட் வரை

திகில் வகை வீடியோ விளையாட்டுகளில் ஆடுபவரைத் துரத்தி அச்சுறுத்தும் எதிர்ப்பாத்திரம் வில்லன் எனப்படுகிறது. கோரமான முகமும் இரத்தக்காட்சியும் இருந்தால் வில்லன் அமைந்துவிடுவான் என்று பலர் கருதுகின்றனர். நினைவில் நிற்கும் வில்லன்களை ஒப்பிட்டுப் பார்த்தால் அக்கருத்து முழுமையானதன்று என்பது விளங்கும். வில்லனின் வலிமை குறையாமல் இருப்பது, அவன் வரவு முன்கூட்டியே உணர்த்தப்படுவது, அவனுக்கும் நாயகனுக்கும் ஓர் உறவு இருப்பது ஆகிய மூன்றுமே அவனை ஈர்ப்புடையவன் ஆக்குகின்றன. இம்மூன்றையும் மாமல்லபுரச் சிற்பத்திலும் வட தமிழகத் தெருக்கூத்திலும் காணலாம்.

மகிடாசுரமர்த்தினி மண்டபம்

செங்கல்பட்டு மாவட்டம் மாமல்லபுரத்தில், கலங்கரை விளக்கத்துக்கு அருகிலுள்ள குன்றில் மகிடாசுரமர்த்தினி குடைவரை அமைந்துள்ளது. இது பல்லவர் காலத்தது. மாமல்லபுரத்து நினைவுச்சின்னங்கள் 1984-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இக்குடைவரையின் வடக்குச் சுவரில் துர்க்கை மகிடனோடு போரிடும் காட்சியும், தெற்குச் சுவரில் திருமாலின் பள்ளிகொண்ட கோலமும் செதுக்கப்பட்டுள்ளன.

துர்க்கை எட்டுக் கைகளுடன் சிங்கத்தின்மீது அமர்ந்து வில்லை வளைத்திருக்கிறாள். எதிரே மகிடன் எருமைத் தலையும் மனித உடலுமாக நிற்கிறான். அவன் உருவம் துர்க்கையின் உருவத்தைவிடப் பெரியது. தலையில் மகுடம் இருக்கிறது. அவனுக்கு மேலே அரசர்க்குரிய குடையும் பிடிக்கப்பட்டுள்ளது. இரு கைகளாலும் கதையைப் பற்றியிருக்கிறான். உடல் பின்வாங்குவதுபோல் சாய்ந்திருந்தாலும் முகம் தேவியை நோக்கியே இருக்கிறது. அவனுடைய வீரர்கள் சாய்ந்து விழத் தொடங்கிவிட்டனர். அவன் மட்டும் இன்னும் விழவில்லை.

ஆதிவராகக் குடைவரையில் துர்க்கை எருமைத் தலையின்மீது நிற்கிறாள். அங்கே போர் முடிந்துவிட்டது. வெட்டுண்ட தலை வெற்றியின் அடையாளமாக மட்டும் இருக்கிறது. பார்ப்பவருக்கு வணக்கம் தோன்றலாம், அச்சம் தோன்றுவதில்லை. மகிடாசுரமர்த்தினி மண்டபத்துச் சிற்பியோ முடிவுக்குச் சற்று முந்தைய கணத்தைத் தேர்ந்தெடுத்தார். அசுரனின் மகுடத்தையும் குடையையும் அவர் பறிக்கவில்லை. அதனால் தேவியின் வீரமும் உயர்ந்து தெரிகிறது. எளியவனை வென்றவருக்குப் பெருமை இல்லை.

திகில் விளையாட்டுகளிலும் இந்த அமைப்பே வெற்றி பெற்றுள்ளது. 2014-இல் வெளிவந்த 'ஏலியன்: ஐசோலேஷன்' விளையாட்டில் ஒரு வேற்றுக்கோள் உயிரி ஆடுபவரை வேட்டையாடுகிறது. தீப்பிழம்பைக் காட்டி அதைச் சற்று நேரம் விரட்டலாம், கொல்ல முடியாது. ஆடுபவர் எந்தப் பகுதியில் இருக்கிறார் என்ற குறிப்பை மட்டும் கணினி அதற்குத் தருகிறது. சரியான இடத்தை அது பார்த்தும் கேட்டும்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனவே ஒளிந்திருப்பவர் தம் காலடி ஓசைக்கே அஞ்சுகிறார். பத்துக் குண்டுகளில் இறந்துவிடும் அரக்கனிடம், எவ்வளவு பெரிய பற்கள் இருந்தாலும், இந்த அச்சம் எழாது.

திரைக்குப் பின்னால் துரியோதனன்

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதிகளில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பாரதக்கூத்து விடிய விடிய நடைபெறும். துரியோதனன் நேராக மேடைக்கு வருவதில்லை. இருவர் ஒரு திரையைப் பிடித்து நிற்பர். கட்டியக்காரன் அவன் வரவை அறிவிப்பான். திரைக்குப் பின்னிருந்து அவனது பாட்டும் சலங்கை ஒலியும் முதலில் கேட்கும். பிறகே திரை விலகி, கிரீடமும் புஜக்கட்டைகளும் அணிந்த முழு உருவம் தெரியும். அதற்குள் கூட்டம் அவனைத் தன் மனத்தில் இன்னும் பெரிதாகக் கற்பனை செய்துவிடுகிறது.

'ரெசிடென்ட் ஈவில் 2' விளையாட்டின் 2019-ஆம் ஆண்டு மறுவடிவத்தில் மிஸ்டர் எக்ஸ் என்னும் வில்லன் இதே முறையில் வருகிறான். காவல் நிலையக் கட்டடத்தில் அவனது கனத்த காலடிகள் மேல்தளத்திலும் பக்கத்து அறையிலும் கேட்கின்றன. சுட்டால் சற்று நேரம் மண்டியிடுவான், பின்பு எழுந்துவிடுவான். அவன் கண்ணுக்குத் தெரியாத நேரமே ஆடுபவரை அதிகம் வாட்டுகிறது. திடீரென முகத்தைக் காட்டி அலறவைக்கும் உத்தி ஒரு நொடிக்கு மட்டும் பயன்படும். இரண்டாம் முறை அதன் வேகம் குறைந்துவிடும்.

வில்லனுக்காக அழும் கூத்து

பாரத விழாவின் இறுதியில் படுகளம் நடைபெறும். துரியோதனனின் பெரிய மண்ணுருவம் தரையில் கிடத்தப்படும். வீமன் தொடையைப் பிளப்பான். திரௌபதி சபதம் நிறைவேறிக் கூந்தலை முடிப்பாள். ஆனால் கூத்து அத்துடன் நிற்பதில்லை. இறந்தவனுக்காகக் காந்தாரி ஒப்பாரி வைக்கும் காட்சியும் உண்டு. தவறு செய்தவன் தண்டிக்கப்படுகிறான். அவனும் ஒரு தாயின் மகன் என்பது மறைக்கப்படுவதில்லை.

2001-இல் வெளிவந்த 'சைலன்ட் ஹில் 2' இந்த உறவை உள்முகமாகத் திருப்புகிறது. இறந்த மனைவியிடமிருந்து வந்த கடிதத்தை நம்பி ஜேம்ஸ் என்பவன் ஒரு மூடுபனி நகரத்துக்கு வருகிறான். முக்கோண வடிவ இரும்புத் தலையுடன் பிரமிட் ஹெட் அவனைத் தொடர்கிறது. மனைவியின் மரணத்துக்குத் தானே காரணம் என்ற உண்மையை ஜேம்ஸ் ஏற்கும்போது, தன்னைத் தண்டிக்கத் தானே அந்த உருவத்தை வேண்டியிருந்தான் என்பது தெரிகிறது. அவன் அதை உணர்ந்தபின் அதற்கு வேலை இல்லை. பிரமிட் ஹெட்டின் முகம் கடைசிவரை காட்டப்படுவதில்லை. ஜேம்ஸின் முகமே அதன் விளக்கமாக அமைகிறது. ஆனால் இந்த உருவத்தை வெறும் அலங்காரமாக வேறு கதையில் வைத்தால் பொருள் போய்விடும். யாருடைய குற்றம் இப்படி உருவெடுத்தது என்ற கேள்விக்கு அங்கே விடை இருக்காது.

ஒரு குறைபாடு

பல விளையாட்டுகளில் தழும்பு, உடல் ஊனம், கரிய நிறம், மனநோய் ஆகியவையே தீமையின் அடையாளங்களாக வரையப்படுகின்றன. இது சோம்பலான முறை. இளம் வயதினரிடம் தவறான எண்ணத்தையும் விதைக்கும். மாமல்லபுரத்து மகிடனும் விலங்குத் தலையினன்தான். ஆயினும் சிற்பி அவனை இழிவுபடுத்தவில்லை, அரசனாகவே நிறுத்தினார். ஜார்க்கண்டிலுள்ள அசுர் பழங்குடியினர் மகிடாசுரனைத் தம் முன்னோராகக் கருதுகின்றனர். ஒரு சாராரின் வில்லன் மற்றொரு சாராரின் பாட்டனாக இருக்கலாம் என்பதைப் புராணப் பாத்திரங்களை விளையாட்டில் கொண்டுவருவோர் மறக்கலாகாது.

மதிப்பீடு

வில்லனுக்கு மதிப்பளிப்பது தீமையைப் போற்றுவதாகும் என்ற எதிர்வாதம் உண்டு. துரியோதனனுக்குக் கிரீடம் சூட்டும் கூத்து அவனை நியாயப்படுத்துவதில்லை. படுகளத்தில் அவன் வீழ்ந்தே ஆகவேண்டும். ஆனால் அவன் வீழ்ச்சி பொருளுடையதாக இருக்க, அதுவரை அவன் முழு வலிமையோடு நின்றிருக்க வேண்டும். விளையாட்டு உருவாக்கம் பயிலும் மாணவர்கள் கோர முகங்களை வரையத் தொடங்கும் முன், மாமல்லபுரத்து வடக்குச் சுவரின் முன் சற்று நேரம் நிற்பது பயன் தரும். அங்கே அம்பு இன்னும் வில்லைவிட்டுப் புறப்படவில்லை. மகிடனின் கையில் கதை இன்னும் இருக்கிறது.