தீவட்டிக்கு எண்ணெய்: "ஆயத்தமா?" என்ற கேள்வி பற்றி ஒரு குறிப்பு

எலவனாசூர்கோட்டைப் பக்கம் ரோட்டோரச் சுவர்களில் "இயேசு வருகிறார், ஆயத்தமா?" என்று எழுதியிருப்பதைச் சின்ன வயசிலிருந்து பார்த்து வருகிறேன். நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்குறி என்னை விட்டதில்லை. எதற்கு ஆயத்தம், யாருக்காக ஆயத்தம் என்று சுவர் சொல்லாது. மைக் செட்டில் வரும் பிரசங்கம் சொல்லும். அது பெரும்பாலும் மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் போய் நிற்கும், பத்துக் கன்னிகைகள் உவமையில்.

கதை தெரிந்ததுதான். மணவாளனை எதிர்கொள்ளப் பத்துப் பேர் போகிறார்கள். ஐந்து பேர் எண்ணெய் கொண்டுபோனார்கள், ஐந்து பேர் கொண்டுபோகவில்லை. அவன் வரத் தாமதமாக, எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நடுராத்திரியில் சத்தம். இல்லாதவர்கள் கேட்க, இருப்பவர்கள் தர மறுக்கிறார்கள். கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் கதவு சாத்தியாச்சு.

இதிலிருந்து பிரசங்கி எடுக்கும் பாடம் ஒன்றே ஒன்று: இரட்சிப்பைக் கடன் வாங்க முடியாது, அவரவர் எண்ணெய் அவரவருக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கு. ஆனால் உவமை உண்மையில் அதைத்தான் சொல்கிறதா என்பதில் எனக்குச் சந்தேகம்.

ஒரு சொல்லிலிருந்து ஆரம்பிக்கிறேன். புராட்டஸ்டண்டுகள் படிக்கும் பழைய தமிழ் வேதாகமத்தில் அந்தப் பெண்கள் கையில் இருப்பது 'தீவட்டி'. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அது 'விளக்கு' ஆகிவிட்டது. கன்னிகைகளும் தோழியர் ஆனார்கள். மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் 'லம்பாஸ்'. வீட்டில் ஏற்றிவைக்கும் விளக்குக்கு இதே மத்தேயு, மலைப்பிரசங்கத்தில், 'லுக்னோஸ்' என்று வேறு சொல் போடுகிறார். ஆகவே பழைய மொழிபெயர்ப்பே பொருத்தம் என்பது என் கட்சி. எங்க பக்கத்துக் கிழவர்களைக் கேட்டால் வித்தியாசம் சொல்வார்கள். பெட்ரோமாக்ஸ் வருவதற்கு முன்னால் கூத்து நடந்தது தீவட்டி வெளிச்சத்தில்தான். சாமி ஊர்வலத்துக்கும் அதுதான். துணிப்பந்தத்துக்கு விட்டுவிட்டு எண்ணெய் ஊற்றிக்கொண்டே வரணும், இல்லையென்றால் கருகிப் புகையும். எண்ணெய்ப் பாத்திரம் இல்லாமல் தீவட்டி பிடிக்கப் போனவனை ஊரே சிரிக்கும்.

இன்னொன்று: தீவட்டி பிடிக்கிறவன் தனக்காகப் பிடிப்பதில்லை. கூத்தில் ராஜா வேஷத்துக்கு, ஊர்வலத்தில் சாமிக்கு, கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு. இப்படிப் பார்த்தால் அந்த ஐந்து பேர் ஏன் எண்ணெய் தரவில்லை என்பதும் வேறு மாதிரி தெரிகிறது. பங்கு போட்டால் பாதி வழியில் பத்தும் அணைந்துவிடும். வருகிறவன் இருட்டில் நடப்பான். 'என் பரலோகம் எனக்கு' என்கிற கணக்கு அங்கே இல்லை. அதோடு, தூங்கினதில் பத்துப் பேருக்கும் வித்தியாசமே கிடையாது. விழித்திரு என்று உவமை முடிகிறது. உள்ளே போனவர்களோ தூங்கி எழுந்தவர்கள்! பிரசங்கங்களில் இதை யாரும் பெரிசாக எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

தனி ஆளின் ஓட்டமாக ஆயத்தத்தைப் பார்க்கும் பழக்கத்துக்கு ஜான் பனியனுக்கும் பங்குண்டு. 1678-இல் வந்த அவருடைய கதையில் நாயகன், பெண்டாட்டி பிள்ளைகள் கூப்பிடக் கூப்பிட, காதில் விரலை வைத்துக்கொண்டு ஓடுகிறான். அவர்களை அனுப்பிவைக்க பனியன் 1684-இல் இரண்டாம் பாகம் எழுத வேண்டியதாயிற்று. எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894-இல் இரட்சணிய யாத்திரிகமாகத் தமிழுக்குக் கொண்டுவந்தது இந்தப் பயணத்தைத்தான்.

கத்தோலிக்கர் வழி வேறு. அவஸ்தைப்பூசுதல், சாவுமணி, உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்குப் பூசை, நவம்பர் 2 கல்லறைத் திருநாள் என்று சாவைச் சுற்றி அங்கே ஊரே நிற்கிறது. செத்தவனுக்காக இருப்பவன் வேண்டுகிறான். எண்ணெய்யைக் கடன் கொடுக்கிற ஏற்பாடுதானே இது? எனக்கு இது பிடிக்கும். ஆனால் இங்கேதான் எறையூர் வந்து குறுக்கே நிற்கிறது.

எறையூர் எங்களுக்குப் பக்கத்து ஊர், பழைய கத்தோலிக்க ஊர். அங்கே தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். அவர்கள் சொன்ன குறைகளில் முக்கியமானது சாவு பற்றியது: எங்க பிணம் பெரிய தெரு வழியாகப் போக முடியாது, எங்க கல்லறை தனி. 2008 மார்ச் 9 அன்று வன்னியக் கிறிஸ்தவர்களோடு கலவரம் ஆனது. போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். அன்றைக்குத் தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. திருவழிபாட்டு அட்டவணையைப் புரட்டிப் பார்த்தேன். அந்த ஆண்டு அந்த ஞாயிறுக்கு உரிய நற்செய்தி, லாசரு கல்லறையிலிருந்து எழுந்து வந்தது.

எறையூர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்குச் சாதி நடுவில் சுவர். பொதுத்தீர்வை நாளில் எல்லோரும் ஒன்றாக எழுந்திருக்க வேண்டியவர்கள், அதுவரை சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்திருக்கிறார்கள்.

"அது சமூகப் பிரச்சினைங்க, ஆன்மிக ஆயத்தம் வேற" என்று ஒரு நண்பர் சொன்னார். அதே அதிகாரத்தைக் கடைசிவரை படித்தால் அப்படிப் பிரிக்க முடியாது. கன்னிகைகள், தாலந்து, அப்புறம் செம்மறிகளும் வெள்ளாடுகளும். கடைசித் தீர்ப்பில் ஜெபத்தைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, அந்நியனைச் சேர்த்துக்கொண்டாயா என்றுதான் விசாரணை. இரண்டு பக்கத்தாரும் 'உம்மை எப்போது பார்த்தோம்?' என்றே கேட்கிறார்கள். தப்பித்தவர்களுக்கும் தாங்கள் ஆயத்தமாயிருந்தது தெரியாது. நல்லதை நாளைக்குத் தள்ளாதே என்று வள்ளுவர் அறன் வலியுறுத்தலில் சொல்வதற்கு இது ரொம்பப் பக்கம்.

கத்தோலிக்க அட்டவணையில் இந்த மூன்று பகுதிகளும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, நவம்பர் வாக்கில், அடுத்தடுத்த மூன்று ஞாயிறுகளில் வருகின்றன. முதல் ஞாயிறு எண்ணெய்யைக் கேட்டுவிட்டுப் போகிறவருக்கு, யாருக்கு வெளிச்சம் என்பது தெரிய இரண்டு வாரம் ஆகும். எறையூர்க்காரர்கள் கேட்டதும் ஒரு ஊர்வலத்துக்கு வழிதான், பெரிய தெரு வழியாக.