பள்ளி வாசலும் மஞ்சள் கடவையும்

காவிரி டெல்டாவில் பல சாலைகள் ஆற்றங்கரை மேலேயே போகின்றன. திருவையாற்றிலிருந்து கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம், சுவாமிமலை வழியாகக் கும்பகோணம் போகும் சாலையும் அப்படித்தான். நெடுந்தூரத்துக்கு ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் சரிவும் வயலும். ஒதுங்கி நடக்க மண்தரை கொஞ்சம்தான். அறுவடைக் காலத்தில் தாரிலேயே பாதியை நெல் பிடித்துக்கொள்ளும், காயப்போட வேறு களம் இல்லாததால். கொள்முதல் நிலையத்து லாரி, டைமிங்கைப் பிடிக்கப் பறக்கும் தனியார் பஸ், சைக்கிளில் வரும் பிள்ளைகள் என்று எல்லாருக்கும் மிச்சப் பாதிதான். பள்ளி இருக்கிறது, மெதுவாகப் போங்கள் என்று பலகை சொல்லும். அதைப் பார்த்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பவர் அரிது.

மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு நொடியில் பதினாறு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். 30இல் வந்தால் எட்டு மீட்டர். குறுக்கே ஓடும் குழந்தையைக் கண்டு ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போவதற்கே ஒரு நொடி ஆகும்.

யாழ்ப்பாணத்தில் காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூடம் இருக்கும் வீதிகளில் போய்ப் பார்த்தால் வேறு பழக்கம் தெரியும். மஞ்சள் கோடிட்ட பாதசாரிக் கடவையருகே பொலிஸார் நின்று பிள்ளைகள் வீதியைக் கடக்க உதவுவார்கள். அவர்கள் இல்லாத வேளையிலும், கடவையில் ஒருவர் காலை வைத்தால் பெரும்பாலான சாரதிகள் நிறுத்துகிறார்கள். நம்மூர் வெள்ளைக் கோட்டில் காலை வைத்தால் ஹாரன்தான் கேட்கும்.

இதை அவர்கள் நல்லவர்கள், நாம் மோசம் என்று முடித்துவிடுவது சோம்பேறித்தனம். இலங்கையில் அரசுப் பள்ளிகளின் நேரம் நெடுங்காலமாகக் காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை. தீவு முழுக்க ஒரே நேரம், ஒரே வெள்ளைச் சீருடை. காவலர் எப்போது நிற்க வேண்டும், சாரதி எப்போது வேகம் குறைக்க வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. தஞ்சாவூரில் தனியார் பள்ளி வேன்கள் ஏழரைக்கே புறப்படுகின்றன. அரசுப் பள்ளி மணி ஒன்பதுக்குமேல். மாலையில் சிறப்பு வகுப்பு இருட்டும் வரை. பல கிராமங்களுக்குச் சேர்த்து ஒரு காவல் நிலையம். யார், எந்த வாசலில், எத்தனை மணி நேரம் நிற்பது?

இலங்கையிலும் குறை உண்டு. வடக்கில் மணல் ஏற்றி ஓடும் டிப்பர்களைப் பற்றிப் பெற்றோரின் புகார் ஓயவில்லை. பிள்ளைகளை நெருக்கி ஏற்றும் தனியார் வேன்களும் உண்டு. பள்ளி வாகனத்தைப் பொறுத்தவரை தமிழ்நாடு ஒரு படி முன்னே நிற்கிறது. 2012இல் சென்னையில் பள்ளி பஸ்ஸின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தபின், அதே ஆண்டில் பள்ளிப் பேருந்துகளுக்குத் தனிச் சிறப்பு விதிகள் வந்தன. 2004 ஜூலை 16இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகியபின் பள்ளிகளின் ஓலைக் கூரைகள் மாற்றப்பட்டன. கூரையும் பஸ்ஸும் பள்ளிக்குச் சொந்தம். பிடித்துக் கேட்க ஆள் இருந்தது. வாசலைக் கடந்து பறக்கும் வண்டி யாருக்கோ சொந்தம். அதனால்தான் டெல்டாவில் வேகத்தடைக்கு ஒரு கொடிய வரிசை ஏற்பட்டிருக்கிறது: முதலில் விபத்து, பிறகு மறியல், அதன் பிறகே தார் மேடு.

அபராதம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி அதிவேகத்துக்குக் காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய், கனரக வண்டிக்கு 2,000 முதல் 4,000 வரை. ஆனால் கரைச் சாலையில் அதை விதிக்க யாரும் நிற்பதில்லை. அதைவிடப் பயனுள்ளது அதே சட்டத்தின் 115ஆம் பிரிவு. குறிப்பிட்ட சாலையில் குறிப்பிட்ட வகை வண்டிகளைத் தடுக்க மாநில அரசுக்கும், அது அதிகாரம் தந்தவர்களுக்கும் உரிமை தருகிறது. குறுவை அறுவடை நடக்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், பள்ளி கூடும் நேரத்திலும் விடும் நேரத்திலும் நெல் லாரியையும் டிப்பரையும் கரைச் சாலைகளில் விடாமல் நிறுத்த அது போதும். பள்ளி மேலாண்மைக் குழுக்கள் இதை அக்டோபர் 2 கிராம சபைக்குக் கொண்டுபோய்த் தீர்மானமாக எழுதி வாங்கட்டும்; மறியலுக்கு ஒரு சாவு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.